பதினாறை அழித்து முப்பத்திரண்டு எழுதினோம்

பின்னேரம் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எங்கள் ஆட்கள் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே சத்தம்தான் கேட்கும். குசினியில் சோறு கொதிக்கும். மேசையில் பிள்ளை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கும். "இதுகூட விளங்கேல்லையே? உன்ர வயசில நாங்கள்..." என்று ஒரு குரல் தொடங்கும். அதற்குப் பிறகு அழிறப்பர் தேய்க்கிற சத்தம், பிறகு அழுகை. எங்கள் வீட்டிலும் சென்ற வருடம் முழுவதும் இதுதான் நடந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறோம். மற்ற வீடுகளிலும் இதே கூத்து நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. வன்னியில் சாதாரண தரம் வரைக்கும் போனோம். 2008இல் இடம்பெயரத் தொடங்கியதோடு படிப்பும் நின்றுவிட்டது. இப்போது ஜேர்மனியில், ரூர் பகுதியில் ஒரு நகரத்தில் இருக்கிறோம். எங்களில் ஒருவருக்கு பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கிற தொழிற்சாலையில் சிப்ற் வேலை, மற்றவருக்குத் துப்புரவு வேலை. காலைச் சிப்ற் என்றால் பிள்ளையோடு இருக்கலாம். பின்னேரச் சிப்ற் என்றால் இரவு பத்தரைக்கு வந்து நித்திரையில்தான் முகத்தைப் பார்க்கலாம். பாடசாலை முடிந்த பிறகு பிள்ளைகளை வைத்து வீட்டுவேலை செய்விக்கிற இடத்தில் எங்கள் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டுவேலை எங்கள் தலையில்.

கணக்கு எங்களுக்குப் பயமில்லை. வாய்பாடு பதினாறு வரைக்கும் பாடமாக்கினவர்கள் நாங்கள். "டொச் பாடத்துக்கு எங்களாலே உதவ ஏலாது, கணக்குக்கு ஏலும், கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதானே" என்று நினைத்தோம். மூன்றாம் வகுப்பு வரும்வரை அந்த நினைப்புக்குப் பழுது வரவில்லை. மூன்றாம் வகுப்பில்தான் வசனக் கணக்குகள் தாள் தாளாக வரத் தொடங்கின.

ஒரு வியாழக்கிழமை வந்த தாளில் இப்படி ஒரு கணக்கு. லேனாவிடம் 24 ஸ்ரிக்கர்கள் இருக்கின்றன. அது 8 கூட, ரிம்மிடம் இருப்பதைக் காட்டிலும். ரிம்மிடம் எத்தனை ஸ்ரிக்கர்கள்?

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அப்போது ஒரு துண்டு ஒட்டியிருந்தது. தெரிந்த ஒருவர் போனில் படமாக அனுப்பியது. 'மேர்' என்று வந்தால் கூட்டல், 'வேனிகர்' என்று வந்தால் கழித்தல், 'யே' என்று வந்தால் பெருக்கல், 'ரைலன்' என்று வந்தால் பிரித்தல். மேர் என்றால் கூட, வேனிகர் என்றால் குறைய, யே என்றால் ஒவ்வொன்றுக்கும், ரைலன் என்றால் பங்கிடுதல். அருமையான யோசனை என்று நாங்களும் நான்கு வீடுகளுக்கு அனுப்பியிருந்தோம்.

மகன் தாளைப் பார்த்து 16 என்று எழுதினான். நாங்கள் துண்டைப் பார்த்தோம்.

"மேர் எண்டு போட்டிருக்கெல்லே, கண் தெரியேல்லையே? கூட்டடா."

"இல்லையப்பா, ரிம்மிட்டத்தான் குறைய இருக்கு."

"வாத்தியாருக்குப் படிப்பிக்காதை. மேர் எண்டால் கூட்டல்."

அவன் இன்னொருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிப்ற் முடிந்து வந்த களைப்பு, அடுப்பில் கறி, பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டப்போகிறாள் என்ற பயம் எல்லாம் சேர்ந்து குரல் உயர்ந்துவிட்டது. அவன் பேசாமல் றப்பரை எடுத்து 16ஐ அழித்து 32 என்று எழுதினான்.

அடுத்த கிழமை தாள் திரும்பி வந்தது. 32க்குச் சிவப்புக் கோடு. அதன் கீழே அழித்த 16 மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பதினாறைச் சுற்றி ரீச்சர் ஒரு வட்டம் போட்டு, ஏன் அழித்தாய் என்று சிறிய எழுத்தில் கேட்டிருந்தார்.

மகன் எங்களோடு சண்டை பிடிக்கவில்லை, பேச்சுக் காட்டவும் இல்லை. அதற்குப் பிறகு கொப்பியை எங்களிடம் காட்டாமல் விட்டான். "செய்திட்டன்" என்பான். பையை மூடிவிடுவான். சத்தம் இல்லாத வீட்டில் இருப்பது சத்தம் உள்ள வீட்டைவிட மோசமாக இருந்தது.

பெற்றோர் சந்திப்பு நாளுக்கு எங்களுக்குக் கிடைத்த நேரம் 'ஹல்ப் ஃபியர்'. ஹல்ப் என்றால் அரை, ஃபியர் என்றால் நான்கு. நாலரை மணிக்குப் போய் நின்றோம். ஜேர்மன்காரருக்கு ஹல்ப் ஃபியர் என்றால் நான்குக்கு அரை மணி இருக்கிறது, அதாவது மூன்றரை. இத்தனை வருடம் இருந்தும் மூளை தமிழில்தான் மணி பார்க்கிறது. எங்கள் முறை போய் ஒரு மணித்தியாலம். சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்காலை மடித்துக்கொண்டு எல்லோரும் போய் முடியும்வரை இருந்தோம். ரீச்சர் கோபிக்கவில்லை. கடைசியில் பத்து நிமிடம் தந்தார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. உங்கள் மகன் எண்களில் வேகம். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவான். வசனக் கணக்கு வந்தால் வாசிக்கிறான் இல்லை. எண்கள் இரண்டைப் பொறுக்குகிறான், ஒரு சொல்லைப் பொறுக்குகிறான், கூட்டுகிறான் அல்லது கழிக்கிறான். இப்படிச் செய்ய யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம்.

பிறகு அவர் ஒரு தாளைக் காட்டினார். அவர் வேண்டுமென்றே கொடுத்த கணக்கு அது. ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பித்தானுக்கு வயது என்ன? எங்கள் மகன் 36 என்று எழுதி, விடை வசனமும் அழகாக எழுதியிருந்தான். வகுப்பில் அரைவாசிப் பேருக்கு மேல் அப்படித்தானாம், ஜேர்மன் பிள்ளைகள் உட்பட. ஜேர்மன் ஆசிரியர்கள் இந்த மாதிரிக் கணக்குக்குக் 'கப்பித்தான் கணக்கு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சில் கிறனோபிள் நகரத்தில் கணித ஆசிரியப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தார் 1980ஐ ஒட்டிய காலத்தில் இதே ஆட்டுக் கணக்கை ஆரம்பப் பிள்ளைகள் 97 பேருக்குக் கொடுத்தபோது 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடையைச் செய்து கொடுத்தார்கள். ஸ்ரெலா பறுக் என்ற கணித ஆசிரியை 1985இல் 'கப்பித்தானின் வயது' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார். 2018இல் சீனாவில் ஒரு மாவட்டத்துப் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்தக் கப்பல் திரும்ப வந்து உலகச் செய்தியானது.

அந்தத் தாளைப் பார்த்தபோது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. ஆறுதல், எங்கள் பிள்ளை மட்டும் இல்லை என்பதில். பயம், விளங்காவிட்டாலும் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்கியவர்களில் நாங்களும் சேர்த்தி என்பதில். அகதி வாழ்க்கையில் எத்தனை படிவங்களை நாங்கள் அப்படி நிரப்பியிருப்போம்! விளங்காத கேள்விக்கு வெறுமையாக விட்டால் ஆபத்து என்று எதையாவது எழுதினோம். பிள்ளை அதைப் பார்த்துத்தானே வளருகிறது.

வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த துண்டைக் கிழித்தோம். நான்கு வீடுகளுக்கும் போன் எடுத்து "அதை எடுத்துவிடுங்கோ" என்றோம். ஒரு அக்கா கேட்டார், "அப்ப என்னத்தை ஒட்டுறது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் சில குடும்பங்கள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு, பிள்ளைகளின் கணக்குத் தாள்களைக் கொண்டுவந்து ஒன்றாக இருந்து பார்க்கத் தொடங்கினோம். எங்களுக்குள் ஊரில் கணிதம் படிப்பித்த அண்ணை ஒருவரும் இருக்கிறார். இங்கே இப்போது ஒரு பண்டகசாலையில் வேலை. அவர் முதல் நாளே சொன்னது: "பிள்ளையளுக்குக் கணக்கிலே பிழையில்லை, சின்னச் சொல்லிலேதான் தடக்குப்படுகுதுகள். பெரிய சொல்லுத் தெரியாட்டிக் கேட்குங்கள். சின்னச் சொல்லுத் தெரியும் எண்டு நினைக்குங்கள்."

உண்மைதான். ஸ்ரிக்கர், செம்மறி, கப்பித்தான் எல்லாம் பிள்ளைக்குத் தெரியும். உம், அவுஃப், யே, ஆல்ஸ் போன்ற ஒரு அசைச் சொற்கள்தான் கழுத்தறுப்பவை.

உதாரணத்துக்கு உம், அவுஃப் இரண்டையும் எடுப்போம். ஒரு பொருளின் விலை 'உம் 15 யூரோ' கூடியது என்றால் பழைய விலையோடு 15 யூரோ சேர்ந்தது. 'அவுஃப் 15 யூரோ' கூடியது என்றால் புதிய விலையே 15 யூரோ. கண்ணுக்கு ஒரு சொல்தான் வித்தியாசம். "இது என்ன மொழி" என்று நாங்கள் சிரித்தபோது அந்த அண்ணை தமிழைக் காட்டினார். பதினைந்து யூரோவால் கூடியது, பதினைந்து யூரோவாகக் கூடியது. 'ஆல்', 'ஆக'. எங்கள் மொழியில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்! நாங்கள் அதைத் தடக்காமல் தாண்டிப் போகிறோம், பிறந்தது முதல் கேட்ட காதல்லவா. சம்பள விசயத்தில் எங்களுக்கு ஜேர்மன் மொழியிலும் இந்தத் தடக்கல் வரவில்லை. 2022 ஒக்ரோபரில் நாட்டின் குறைந்தபட்ச மணிக்கூலி 10,45 யூரோவில் இருந்து 'அவுஃப் 12 யூரோ' கூடியபோது, யாருமே 22,45 வரப்போகிறது என்று நினைக்கவில்லை. 'உம் 1,55' என்று எல்லோரும் அன்றைக்கே கணக்குப் பார்த்துவிட்டோம். காசு என்றால் வசனம் விளங்கும்.

உம் என்பதை ஞாபகம் வைக்க ஒரு தாய் நல்ல வழி சொன்னார். தமிழ் 'உம்' மாதிரி நினை. பழைய விலையும், பதினைந்தும். இரண்டு இருக்கிறது. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும். 'உம் 15 யூரோ குறைந்தது' என்றும் வரும், அப்போது கழிக்க வேண்டும். அந்தச் சொல் எவ்வளவு மாறியது என்றுதான் சொல்கிறது, கூடியதா குறைந்ததா என்று, பல வசனங்களில் கடைசியில் நிற்கிற வினைச்சொல்தான் சொல்லும். கடைசிச் சொல் வரும்வரை பொறுத்திருக்கிற பழக்கம் தமிழருக்கு இருக்க வேண்டுமே, எங்கள் வினைச்சொல்லும் கடைசியில்தானே வருகிறது.

எண்ணைச் சொல்கிற முறையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாங்கள் இருபத்தைந்து என்கிறோம், முதலில் இருபது, பிறகு ஐந்து. எழுதுவதும் அந்த ஒழுங்கில்தான். ஜேர்மன் மொழியில் ஐந்தும் இருபதும் என்று தலைகீழாக வரும். ரீச்சர் சொல்ல எழுதுகிற பிள்ளை முதல் கேட்ட ஐந்தை முதலில் எழுதி 52 ஆக்கிவிடும். வீட்டில் தமிழ் எண், பாடசாலையில் ஜேர்மன் எண் என்று இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இரட்டைச் சோலி. நோர்வேயில் இருக்கிற உறவுகளுக்கு இது தெரிந்திருக்கும். அங்கேயும் முன்பு இப்படித் தலைகீழாகத்தான் சொன்னார்கள், பாராளுமன்றம் எடுத்த முடிவின்படி 1951இல் இருபது முதலில் வருகிற முறைக்கு மாற்றினார்கள். பழைய முறையில் சொல்கிற கிழவர்கள் பிறகும் இருந்தார்கள் என்பது வேறு கதை. ஜேர்மனியில் மாற்றவில்லை. ஆகவே மகன் 52 என்று எழுதினால் நாங்கள் இப்போது கத்துவதில்லை. "எந்தப் பக்கத்தாலே கேட்டனி?" என்று கேட்கிறோம்.

கழித்தலிலும் சண்டை வந்தது. நாங்கள் 52இல் இருந்து 27ஐக் கழிக்க, பக்கத்தில் கடன் வாங்கிப் பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்போம். இங்கே நீண்ட காலமாகப் பல பாடசாலைகளில் படிப்பித்த முறை வேறு. ஏழில் இருந்து பன்னிரண்டுக்கு எத்தனை? ஐந்து. மிஞ்சிய ஒன்றைக் கீழே உள்ள இரண்டோடு சேர்த்து மூன்று. மூன்றில் இருந்து ஐந்துக்கு இரண்டு. விடை 25. இப்போது சில பாடசாலைகளில் எங்கள் கடன் முறையும் படிப்பிக்கிறார்கள். இரண்டும் சரி. நாங்கள் எங்கள் முறையைத் திணித்தால் பிள்ளை இரண்டையும் குழப்பி ஒரு மூன்றாவது முறை கண்டுபிடிக்கும். எண் சுவர் என்று ஒன்று வரும், கல் அடுக்கிய படம் மாதிரி, ஒரு எழுத்தும் இராது. கீழே உள்ள இரண்டு கல்லையும் கூட்டினால் மேல் கல். அது தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்க அதைக் கட்டட வேலை என்று நினைத்துக்கொண்டு இருந்தோம்.

எல்லாப் பிழையும் எங்களுடையது என்றும் சொல்லமாட்டோம். சில கணக்குகள் உண்மையாகவே மோசமாக எழுதப்பட்டவை. ஒரு தாளில், 100 மீற்றர் நீள வீதியில் 5 மீற்றருக்கு ஒரு மரம் நாட்டுகிறார்கள், எத்தனை மரம் என்று இருந்தது. மகன் 20 என்றான். வன்னியில் வேலி அடைத்தவனுக்குத் தெரியும், இடைவெளி இருபது என்றால் கதியால் இருபத்தொன்று வேண்டும். இந்தத் தாளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இடைவேளையில் காட்டினோம். துருக்கிக்காரர் ஒருவர் 21 என்றார். இங்கேயே பிறந்த ஜேர்மன் மேற்பார்வையாளர் 20 என்று அடித்துச் சொன்னார். போலந்துக்காரி ஒருத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீதிக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே, 42" என்றாள். இடைவேளை முடியும்வரை சண்டை. வீதியின் இரண்டு முனையிலும் மரம் உண்டா, இரண்டு பக்கமும் உண்டா என்று தாள் சொல்லவேயில்லை. நான்கு பெரியவர்கள் சேர்ந்து தீர்க்க முடியாததை ஒன்பது வயதுப் பிள்ளை தனியே தீர்க்கவேண்டுமாம்.

அந்தத் தாளில் நாங்கள் விடை எழுதவில்லை. மகன் அறிந்த ஜேர்மன் மொழியில் கீழே எழுதினான்: இரண்டு முனையிலும் மரம் இருந்தால் 21, இரண்டு பக்கமும் என்றால் 42. ரீச்சர் அதற்கு முழுப் புள்ளி கொடுத்தார். விளங்காததை விளங்கவில்லை என்று எழுதிப் புள்ளி வாங்கலாம் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் பழைய தமிழ்க் கணக்குகளும் சும்மா இல்லை என்று அந்த அண்ணை சொன்னார். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணச் சொல்லியிருக்கிறதாம். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் பிரிக்கவேண்டும். பழம் அதைக் கேட்டு நடக்குமோ தெரியாது. அதுவும் செய்யுளில்! வசனம் விளங்கினவனுக்குத்தான் சுளை.

இனி படகுக் கணக்கைச் சொல்லவேண்டும். ஒரு படகில் 6 பேர் போகலாம், 45 பிள்ளைகள் நிற்கிறார்கள், எத்தனை படகு வேண்டும்? மகன் பிரித்து 7 மீதி 3 என்று சரியாகக் கண்டுபிடித்தான். விடை வசனத்தில், '7 மீதி 3 படகுகள் வேண்டும்' என்று எழுதினான். இதே மாதிரி ஒரு கணக்கை அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நாடளாவிய பரீட்சையில் கொடுத்தார்களாம். ஒரு பஸ்ஸில் 36 படையினர், மொத்தம் 1128 பேர், எத்தனை பஸ்? பத்தில் ஏழு பேர் பிரித்தலைச் சரியாகச் செய்தார்கள். 100க்கு 29 பேர் '31 மீதி 12' என்று பஸ்ஸை எழுதினார்கள். 32 என்று எழுதியவர்கள் 100க்கு 23 பேர்தான்.

தொழிற்சாலையில் இந்தக் கணக்கை நாங்கள் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. ஒரு பெட்டிக்கு 24 துண்டு, 500 துண்டு அனுப்பவேண்டும் என்றால், 21 பெட்டியை எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வேலையைத் தொடங்கும். கடைசிப் பெட்டியில் 20 என்று தாள் ஒட்டுவோம். மீதி என்றால் என்ன என்பது அங்கே கைக்குத் தெரியும். வீட்டு மேசையில் அதே கணக்கு வந்தபோது அந்தக் கையை நாங்கள் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மகனிடம் கேட்டோம், "மூண்டு பிள்ளையளும் கரையிலே நிக்குதுகள். என்ன செய்யிறது?"

அவன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தான். "இன்னொரு படகு வரவேணும்" என்றான். எழுதினான், 8.

2009இல் மாத்தளன் கரையில், காயப்பட்டவர்களை ஏற்றிப்போன கப்பலில் இடம் கிடைக்காமல் நின்றவர்கள் எங்கள் உறவிலும் இருக்கிறார்கள். அதை அவனுக்கு நாங்கள் சொல்லவில்லை. இப்போது தேவையுமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். அவன் கணக்கை ஜேர்மன் மொழியில் உரத்து வாசிப்பான். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, என்ன நடந்தது என்று எங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லவேண்டும். எண் சொல்லத் தேவையில்லை. யாரிட்ட என்ன இருக்கு, யாரிட்ட கூட, யாரிட்டக் குறைய, கடைசியாக என்ன கேட்கினம். சொல்லமுடியாமல் எந்த இடத்தில் திணறுகிறானோ அந்த இடத்தில்தான் தெரியாத சொல் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு சின்னச் சொல். எங்களுக்கும் தெரியாவிட்டால் "எங்களுக்கும் தெரியாது, ரீச்சரிட்டக் கேள்" என்கிறோம். முதல் தடவை இதைச் சொல்ல வாய் கூசியது. இப்போது பழகிவிட்டது. கதை சரியாக வந்தபிறகுதான் பென்சில். எண்களைச் செய்வதில் அவனுக்கு எங்கள் உதவி தேவையில்லை. கடைசியில் விடை வசனத்தை மறக்காமல் எழுதவைப்போம். கணக்குச் சரியாக இருந்தும் அந்த ஒரு வசனம் இல்லாமல் போன புள்ளிகள் எங்கள் பிள்ளைகளுக்கு நிறைய.

தமிழில் கதை சொல்லச் சொன்னால் பிள்ளையின் ஜேர்மன் மொழி கெட்டுவிடும் என்று சிலர் எங்களிடம் வாதாடினார்கள். அந்தப் பயம் எங்களுக்கு வரவில்லை. அந்த லேனா கணக்கை அவன் முதலில் சரியாகச் செய்தது எப்படி என்று பிறகு கேட்டோம். "எனக்குள்ள தமிழிலே சொல்லிப் பாத்தனான்" என்றான். ஆக, வழி அவனிடம் ஏற்கனவே இருந்தது. நாங்கள்தான் அழிக்கவைத்தோம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம், நேரம் குறைவு. ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை எவ்வளவு பாடுபடுத்தினார்கள் என்பது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கே பரீட்சை தவறினாலும் அதே பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குப் போகலாம். ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளைகள் பிரிந்து வேறு வேறு பாடசாலைகளுக்குப் போகிறார்கள், பத்து வயதில். பயேர்ன் மாநிலத்தில் இருக்கிற உறவுகள் கவனிக்கவேண்டும். அங்கே ஜேர்மன், கணிதம், ஊரும் இயற்கையும் பற்றிய பாடம் ஆகிய மூன்றினதும் சராசரி 2,33 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் நேரே கிம்னாசியம், 2,66 வரை என்றால் றியால்சூல. இங்கே 1 தான் மிக நல்ல புள்ளி, 6 ஆகக் கடைசி என்பதை ஊரில் இருந்து புதிதாக வந்தவர்கள் மறக்கக்கூடாது. ஒரு பாடத்தில் வசனம் விளங்காததால் 3 வந்தாலே கணக்கு மாறிவிடும். நாங்கள் இருக்கிற நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் பாடசாலை சிபாரிசுதான் செய்யும். அது நாலாம் வகுப்பின் அரையாண்டு அறிக்கையோடு வரும். முடிவெடுப்பது பெற்றோர். இது தெரியாமல், சிபாரிசைக் கட்டளை என்று நினைத்துப் பேசாமல் கையெழுத்து வைத்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். அந்தத் தாளும் ஒரு வசனக் கணக்குத்தான். சிபாரிசு என்ற சொல்லை அவர்கள் வாசிக்கவில்லை.

எங்கள் மகன் இப்போது நாலாம் வகுப்பு. அரையாண்டு அறிக்கை தை மாதக் கடைசியில் வரும். கடைசியாக வந்த கணக்குப் பரீட்சையில் 2 எடுத்திருக்கிறான், வசனக் கணக்கு நான்கில் மூன்று சரி. பிழைத்த ஒன்றில் 'அண்டர்ற்ஹல்ப்' மணித்தியாலம் என்று இருந்தது. ஒன்றரை என்று அர்த்தம். எங்களுக்கும் தெரியாது. கொப்பியை அவனாகவே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, இந்தச் சொல்லு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். இல்லை என்றோம். மூன்று பேரும் அகராதியில் தேடினோம்.

சனிக்கிழமைகளில் பார்த்த சின்னச் சொற்களை ஒரு கொப்பியில் தமிழ் விளக்கத்தோடு எழுதி வருகிறோம். இதுவரை நாற்பத்தொரு சொல் சேர்ந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளை விழுத்திய சொற்கள், ஜேர்மன் மட்டுமல்ல, பிரெஞ்சு, டெனிஷ், டச்சு எதுவாக இருந்தாலும், எந்தக் கணக்கில் வந்தது என்பதோடு ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அந்தத் தாளின் பிரதி இருந்தால் அதையும் வையுங்கள்.